தானியங்கி இருசக்கர வண்டிகள்: பெறுவதும் இழப்பதும்

பெட்ரோல் எஞ்சின் எல்லாச் சுழல்வேகத்திலும் ஒரே வலுவைத் தருவதில்லை. சாதாரண 100 சி.சி. பைக்கின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,400 சுற்றில் அணைந்துவிடாமல் ஓட மட்டுமே செய்யும். நல்ல இழுவை கிடைக்க அது 5,000 சுற்றை ஒட்டிச் சுழல வேண்டியிருக்கும். சக்கரமோ ஒவ்வொரு முறையும் அசையாத நிலையிலிருந்தே தொடங்குகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் இணைத்துவைப்பதே வேகக்கடத்தி எனப்படும் அமைப்பின் வேலை. கியர் உள்ள பைக்கில் இந்த வேலையின் பெரும்பங்கு ஓட்டுநரைச் சேர்ந்தது: இடக்கையால் கிளட்சைப் பிடித்து எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கிறார், இடக்காலால் கியரை மாற்றுகிறார், அதை எப்போது மாற்றுவது என்பதையும் எஞ்சினின் ஒலியையும் சாலையின் போக்கையும் கொண்டு அவரே முடிவு செய்கிறார். துண்டித்தல், மாற்றுதல், முடிவெடுத்தல் என்னும் இம்மூன்றில் எவற்றை வண்டியே ஏற்றுக்கொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் தானியங்கி வண்டிகள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகின்றன. ஆகவே தானியங்கி வண்டி நல்லதா கெட்டதா என்று பொதுப்படக் கேட்பவருக்குப் பயனுள்ள விடை கிடைப்பதில்லை.

வாங்குபவர்கள் பெரும்பாலும் வண்டி எவ்வளவு எளிதாகக் கிளம்புகிறது, எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுகிறார்கள். விற்பனையகத்தின் வாசலிலிருந்து அடுத்த திருப்பம் வரை ஓட்டிப்பார்க்கும்போது வேறெதையும் அறிய வாய்ப்பும் இல்லை. ஆனால் ஆக்சிலரேட்டரைத் திறக்கும்போது ஏறத்தாழ எல்லாத் தானியங்கி அமைப்புகளும் திருப்தியாகவே நடந்துகொள்கின்றன. அவற்றுக்கிடையிலான உண்மையான வேறுபாடு ஆக்சிலரேட்டரை மூடும்போதும், வண்டி நடைவேகத்தில் ஊரும்போதும், எஞ்சின் அணைந்து நிற்கும்போதும்தான் வெளிப்படுகிறது. இந்த அத்தியாயம் அந்த மூன்று நிலைமைகளுக்கே கூடுதல் இடம் தருகிறது.

வகைகள்

மூன்று வேலைகளில் முதலாவதை மட்டும் வண்டியிடம் விட்ட மிக எளிய அமைப்பைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. ஒசூரில் தயாராகி 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50-உம் அதன் வழியில் வந்த எக்ஸ்.எல். வண்டிகளும் ஒற்றை வேக விகிதம் கொண்டவை; அவற்றில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. எஞ்சின் வேகமெடுக்கும்போது மையவிலக்கு விசையால் கிளட்சின் கட்டைகள் வெளிநோக்கி விரிந்து, தம்மைச் சூழ்ந்திருக்கும் கிண்ணம் போன்ற உறையைப் பிடித்துச் சக்கரத்தை இழுக்கின்றன. எஞ்சின் தணியும்போது கட்டைகள் சுருங்கிப் பிடியை விடுகின்றன. இதற்கு மையவிலக்குக் கிளட்ச் என்று பெயர். மூட்டை ஏற்றிச் செல்லும் சிறு வணிகருக்கும் உழவருக்கும் இந்த எளிமையே இதன் வலிமை. பழுதாகக்கூடிய உறுப்புகள் குறைவு, எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டிவிட முடியும். விரைவாகச் செல்ல வேண்டியவருக்கு ஒற்றை விகிதம் போதாது என்பது உண்மையே. ஆனால் அந்த வண்டி அவருக்காக வடிவமைக்கப்பட்டதும் அன்று.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-இல் வெளியிட்ட சூப்பர் கப் இதிலிருந்து ஓர் அடி முன்னே சென்றது. கிளட்சுக்கான கைப்பிடியை நீக்கிவிட்டு, மூன்று கியர்களையும் காலால் மாற்றும் வேலையை மட்டும் அது ஓட்டுநரிடம் விட்டது. அந்த வரிசை வண்டிகளின் உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியைக் கடந்தது என்பதிலிருந்து, பாதித் தானியங்கி எனப்படும் இந்த ஏற்பாடு தென்கிழக்கு ஆசியாவில் எவ்வளவு வேரூன்றியது என்பதை ஊகிக்கலாம். இந்தியாவில் மட்டும் இது எடுபடவில்லை. 1990-களின் பிற்பகுதியில் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட்டும், 2009-இல் டி.வி.எஸ். கொணர்ந்த ஜைவும் இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டும் சில ஆண்டுகளில் சந்தையை விட்டு நீங்கின. ஓட்டுவதற்கு எளிதானதும் எரிபொருளைச் சிக்கனப்படுத்துவதும் இறக்கத்தில் எஞ்சினின் பிடியைத் தருவதுமான ஓர் ஏற்பாடு இந்திய வாங்குபவர்க்கு இன்று கடைகளில் அரிதாகிவிட்டது இழப்பே.

மூன்று வேலைகளையும் வண்டியே ஏற்கும் முறை இந்தியாவில் பரவலாக அறிமுகமானது 1984-இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரின் வழியாக. 1990-களில் டி.வி.எஸ். ஸ்கூட்டியும் 2001-இல் ஹோண்டா ஆக்டிவாவும் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தன. இவற்றில் உள்ளது தொடர்மாறு வேகக்கடத்தி, பட்டறைகளில் சி.வி.டி. என்று வழங்குவது இதுவே. இன்று தமிழ்நாட்டில் தானியங்கி இருசக்கர வண்டி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் வாங்குவது இதைத்தான் என்பதால் இதன் செயல்முறையைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நல்லது.

தொடர்மாறு வேகக்கடத்தியின் செயல்முறை

எஞ்சினின் சுழல்தண்டில் ஒரு கப்பியும், பின்சக்கரத்தின் அருகே மற்றொரு கப்பியும் இருக்க, இரண்டையும் தடித்த ரப்பர் பெல்ட் ஒன்று இணைக்கிறது. ஒவ்வொரு கப்பியும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த இரு தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் கப்பியின் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் மையத்தை நோக்கி இறங்கும். முன்கப்பியின் அசையும் தட்டுக்குப் பின்னால் ரோலர்கள் எனப்படும் சிறு உருளை எடைகள் வைக்கப்பட்டுள்ளன. எஞ்சினின் வேகம் கூடக் கூட இவை வெளிநோக்கி நகர்ந்து தட்டை நெருக்க, முன்கப்பியில் பெல்ட்டின் வட்டம் பெரிதாகிறது. பெல்ட்டின் நீளம் மாறாததால் பின்கப்பியின் தட்டுகள் ஒரு சுருள்வில்லின் எதிர்ப்பை மீறி விலகி அங்கே வட்டம் சிறிதாகிறது. முதல் கியரிலிருந்து கடைசிக் கியர் வரை படிப்படியாகச் செல்வதற்குப் பதிலாக, ஒரு சரிவில் வழுக்கிச் செல்வதுபோல் விகிதம் இடையறாது மாறிக்கொண்டே போவது இதனால்தான். பின்கப்பியின் தண்டில் டி.வி.எஸ். 50-இல் கண்ட அதே மையவிலக்குக் கிளட்ச் அமர்ந்திருக்கிறது. ஓட்டுநர் எதையும் துண்டிக்கவோ மாற்றவோ முடிவு செய்யவோ வேண்டியதில்லை. ரோலர்களின் எடையும் சுருள்வில்லின் விறைப்பும் தொழிற்சாலையிலேயே அவருக்காக முடிவெடுத்துவிட்டன.

இந்த ஏற்பாட்டில் இரு விளைவுகள் உள்ளார்ந்திருக்கின்றன. முதலாவது, ஆற்றல் உராய்வினால் மட்டுமே கடத்தப்படுவதால், பல்லோடு பல் பொருந்திச் சுழலும் கியர்களைவிட இழப்பு அதிகம்; அந்த இழப்பு வெப்பமாக வெளிப்படுவதால்தான் பெல்ட் உள்ள பெட்டிக்குக் காற்றை உறிஞ்சும் விசிறியும் திறப்பும் தேவைப்படுகின்றன. இரண்டாவது, முடிவு எஞ்சினின் வேகத்தையும் சக்கரத்தின் சுமையையும் மட்டும் கொண்டு எடுக்கப்படுகிறது. முன்னால் வளைவு வருகிறது, இறக்கம் தொடங்குகிறது, லாரியை முந்த வேண்டும் என்பதெல்லாம் ரோலர்களுக்குத் தெரியாது. கியர் உள்ள பைக்கின் ஓட்டுநர் வரப்போவதைக் கண்டு முன்கூட்டியே கியரைக் குறைக்கிறார், சி.வி.டி. நிகழ்ந்த பின்னரே எதிர்வினை புரிகிறது.

எளிமையால் வரும் நன்மைகள்

நெரிசலான நகரச் சாலையில் சில நூறு மீட்டருக்குள் கிளட்சைப் பலமுறை பிடித்து விட வேண்டியிருக்கும் என்பதை அண்ணா சாலையிலோ கோயம்புத்தூர் அவினாசி சாலையிலோ மாலை வேளையில் ஓட்டியவர் அறிவார். மணிக்கட்டு வலி உள்ளவர், வயது முதிர்ந்தவர், கை சிறுத்தவர் ஆகியோருக்கு இது வெறும் சலிப்பன்று, வண்டியைத் தொடர்ந்து ஓட்ட முடியுமா என்பதையே தீர்மானிக்கும் செய்தி. சிக்னலில் எஞ்சின் அணைந்து பின்னால் வரும் பேருந்தின் முன் தடுமாறும் அச்சம் தானியங்கி வண்டியில் இல்லை. புதிதாகக் கற்பவர் தம் கவனம் முழுவதையும் சாலையின்மேலும் சமநிலையின்மேலும் வைக்க முடிகிறது. ஒரு வாரத்தில் துணிந்து தெருவில் இறங்கிவிடுகிறார்.

இந்த எளிமை சமூக வாழ்வில் ஏற்படுத்திய மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. பேருந்துக்குக் காத்திருக்காமல் வேலைக்குச் செல்லவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு வழி செய்த வண்டி கியர் இல்லாத ஸ்கூட்டரே. 2018 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட அம்மா இருசக்கர வாகனத் திட்டம், பணிக்குச் செல்லும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதியை, 25,000 ரூபாய்க்கு மிகாமல் மானியமாக அளித்தபோது, 125 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிகளையே அதற்குரியவையாக வரையறுத்தது. மாற்றுத்திறனாளிகளுக்காக இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்படும் வண்டிகளும் பொதுவாக இவ்வகையைச் சேர்ந்தவையே. காலால் கியர் மாற்றத் தேவையில்லாததும், இரு பிரேக்குகளையும் கையாலேயே இயக்க முடிவதும் அதற்குக் காரணம். கியர் மாற்றத் தெரியாதவர் முழுமையான ஓட்டுநர் அல்லர் என்று சிலர் கூறும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்புத் தேவையில்லை.

ஆக்சிலரேட்டரை மூடும்போது

கியர் உள்ள பைக்கில் ஆக்சிலரேட்டரை மூடியதும் சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வண்டி தானாகவே தணிகிறது. இதை எஞ்சின் தடுப்பு என்பர். கீழ்க் கியருக்கு இறங்க இறங்க அதன் பிடி வலுக்கிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட வால்பாறைச் சாலையிலோ, எழுபது வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையிலோ இறங்கும் அனுபவமுள்ள ஓட்டுநர் இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்துவைத்து, பிரேக்கை வளைவுகளுக்கு முன் மட்டுமே தொடுவது இதன் பலத்தால்தான்.

சி.வி.டி. ஸ்கூட்டரிலும் ஓரளவு எஞ்சின் தடுப்பு உண்டு. ஆனால் அது நிபந்தனைக்கு உட்பட்டது. வேகம் குறைந்துகொண்டே வந்து ஒரு வரம்புக்குக் கீழே சென்றதும் கிளட்சின் கட்டைகள் சுருங்கிப் பிடியை விட்டுவிடுகின்றன. அந்தக் கணத்திலிருந்து சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு கிடையாது. இதற்குப் பிறகு நடப்பதைத்தான் பலர் அறிந்திருப்பதில்லை. இறக்கத்தில் வண்டி மீண்டும் வேகமெடுத்தாலும் கிளட்ச் தானாகப் பிடிப்பதில்லை. ஏனெனில் விரியும் கட்டைகள் எஞ்சினின் பக்கத்தில் உள்ளன, சக்கரத்தின் பக்கத்தில் இருப்பதோ வெறும் உறை. உறை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கட்டைகள் விரியா. கொண்டை ஊசி வளைவில் மிக மெதுவாகத் திரும்பிய ஸ்கூட்டர், வளைவு முடிந்ததும் எந்தத் தடையும் இன்றிக் கீழ்நோக்கி உருளத் தொடங்குவது இவ்வாறுதான். ஓட்டுநருக்குப் பிரேக்கைத் தவிர வேறு துணை இல்லாமல் போகிறது. பல 110 சி.சி. ஸ்கூட்டர்களில் உள்ளவை 130 மி.மீ. விட்டமுள்ள டிரம் பிரேக்குகள். பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பல கிலோமீட்டர் இடைவிடாது அழுத்திப் பிடித்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கக்கூடும்.

இதற்கு எளிய கைமுறை ஒன்று உண்டு. வளைவைக் கடந்ததும் ஆக்சிலரேட்டரைச் சற்றே திருகினால் கட்டைகள் விரிந்து உறையைப் பிடிக்கும். பிடித்தது உணரப்பட்டதும் மெல்ல மூடினால், வேகம் மறுபடி வரம்புக்குக் கீழே போகும்வரை எஞ்சின் தடுப்பு கிடைக்கும். இறங்கும்போது வேகமெடுக்கத் திருகுவது புதியவருக்கு முரணாகத் தோன்றினாலும், கிளட்சின் அமைப்பை அறிந்தவருக்கு அதில் புதிர் இல்லை. இதனோடு முன், பின் பிரேக்குகளை மாறி மாறிச் சுருக்கமாக அழுத்தி விடுவதும், நீண்ட இறக்கத்தின் நடுவே இடம் பார்த்து நிறுத்திப் பிரேக்கை ஆறவிடுவதும் வழக்கமாக வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது எக்காரணம் கொண்டும் கூடாது. மலையடிவாரத்தில் வசித்து நாள்தோறும் ஏறி இறங்குபவருக்கு, வேறு காரணங்கள் தடுக்காதவரை, கியர் உள்ள பைக்கே பொருத்தம் என்பது இந்நூலின் தெளிவான பரிந்துரை.

நடைவேகத்தில்

இதே கிளட்சின் இன்னொரு முகம் மிகக் குறைந்த வேகத்தில் தெரிகிறது. கியர் உள்ள பைக்கை ஓட்டுபவர் கிளட்சைப் பாதி விட்டு, பாதி பிடித்து வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்த முடியும். மையவிலக்குக் கிளட்சில் அந்த நுண்மை கைக்கு எட்டுவதில்லை; குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் அது பிடித்துவிடுகிறது, தேய்ந்த கிளட்சாக இருந்தால் உதறலோடு பிடிக்கிறது. குறுகிய சந்தில் முழுவட்டம் திரும்பும்போது பிடி திடீரென விட்டுப்போனால் வண்டி உள்பக்கமாகச் சாயும். ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு திறந்தே வைத்துக்கொண்டு பின்பிரேக்கை மென்மையாக இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதே இதற்குரிய முறை. அவ்வாறு செய்தால் கிளட்ச் பிடித்தபடியே இருக்க, வண்டி நிதானமாகத் திரும்பும்.

மேட்டில் நிற்க நேரும்போது மட்டும் இதற்கு நேர்மாறான ஒழுங்கு வேண்டும். பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரைத் திருகியே வண்டியைப் பின்வாங்காமல் நிறுத்துவது பலரிடம் காணப்படும் பழக்கம். அந்நிலையில் கட்டைகள் உறையின்மேல் வழுக்கிக்கொண்டே இருப்பதால் சூடேறி, மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பாகிவிடுகிறது. கிளம்பும்போது வரும் உதறலுக்கு முதன்மையான காரணம் இதுவே.

இருவகை வண்டிகளும் உள்ள வீட்டினர் மற்றோர் ஆபத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். கியர் பைக்கில் இடக்கைப் பிடி கிளட்ச். இந்திய ஸ்கூட்டர்களில் அதே இடத்தில் இருப்பது பின்பிரேக். பைக்கில் பழகியவர் அவசர நேரத்தில் பழக்கத்தின் வேகத்தில் இடக்கையை முழுவதும் இறுக்கினால் ஸ்கூட்டரின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடும். 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கப்பட்ட கூட்டுப் பிரேக், இடக்கைப் பிடியை அழுத்தும்போது முன்பிரேக்கையும் ஓரளவு இயக்குவதால் தீங்கைக் குறைக்கிறது, நீக்குவதில்லை. வண்டி மாற்றி ஓட்டும் நாளில் தெருமுனை வரை மெதுவாகச் சென்று ஓரிரு முறை நிறுத்திப் பார்த்து, கையை அந்த வண்டிக்குப் பழக்கிக்கொள்வதே பாதுகாப்பு.

செலவும் பராமரிப்பும்

நகரப் பயன்பாட்டில் 110 சி.சி. ஸ்கூட்டர் பொதுவாக லிட்டருக்கு 45 முதல் 50 கி.மீ. தருகையில், 100 சி.சி. கியர் பைக் 60 முதல் 70 கி.மீ. வரை தருகிறது. மாதம் 1,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இது ஐந்தாறு லிட்டர் வேறுபாடு. லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு பொருட்டல்ல. ஐம்பது கிலோமீட்டர் ஓட்டும் விற்பனைப் பிரதிநிதிக்கு அது முக்கியமானது.

எனினும் ஸ்கூட்டரின் குறைகள் எல்லாவற்றையும் தானியங்கி அமைப்பின் தலையில் சுமத்துவது சரியன்று. குழியில் விழுந்தால் அதிர்வது 10 அல்லது 12 அங்குலச் சிறு சக்கரத்தாலும், எஞ்சினும் வேகக்கடத்தியும் ஒரே தொகுதியாகப் பின்சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதாலும். யமஹா ஏராக்ஸ் 155 போன்ற வண்டியில் சி.வி.டி. இருந்தும் 14 அங்குலச் சக்கரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. கரடுமுரடான சாலையில் அதன் நடத்தை சிறு சக்கர ஸ்கூட்டரிலிருந்து வேறுபடுவதைக் கொண்டு இதை உணரலாம். சாலை மோசமான ஊரில் இருப்பவர் கியரைப் பற்றி யோசிப்பதற்கு முன் சக்கரத்தின் அளவைப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் சி.வி.டி. ஒரு நல்ல பண்பும் ஒரு கெட்ட பண்பும் உடையது. செயினுக்கு எண்ணெயிடுதல், கிளட்ச் கேபிளை இறுக்குதல் போன்ற அன்றாடத் தொல்லைகள் இதில் இல்லை. ஆனால் எல்லாம் மூடிய பெட்டிக்குள் நடப்பதால் தேய்மானம் கண்ணில் படுவதில்லை. பெல்ட்டைப் பெரும்பாலும் 20,000 முதல் 25,000 கி.மீ.க்குள் மாற்ற வேண்டியிருக்கும். வண்டியோடு வரும் கையேட்டில் குறிப்பிட்ட அளவே இதில் இறுதியானது. ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தால் வேகமெடுப்பதில் தயக்கமும் உச்ச வேகத்தில் குறைவும் தோன்றும். பெல்ட் அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். கிளட்ச் கேபிள் அறுந்த பைக்கையாவது அனுபவமுள்ளவர் எப்படியோ வீடு கொண்டுவந்து சேர்ப்பார். பின்சக்கரத்தருகே உள்ள சிறு கியர் பெட்டிக்குத் தனியாக எண்ணெய் உண்டு என்பதும், எஞ்சின் ஆயிலை மாற்றும்போது அதைப் பலர் மறந்துவிடுவதும் குறிப்பிடத்தக்கவை.

சென்னை போன்ற மழைநீர் தேங்கும் நகரங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை தேவை. காற்றுத் திறப்பின் வழியே நீர் புகுந்தால் பெல்ட் நனைந்து கப்பியில் வழுக்கும். எஞ்சின் இரைய, வண்டி நகராது. அப்போது மேலும் மேலும் திருகுவது பெல்ட்டைக் கெடுக்கும். வண்டியை நீரிலிருந்து தள்ளிக்கொண்டுபோய், பெட்டியின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, உலரவிட்ட பின்னரே ஓட்ட வேண்டும்.

எஞ்சின் அணைந்து நிற்கும்போது

பேட்டரி இறங்கிய கியர் பைக்கை இரண்டாம் கியரில் தள்ளிக் கிளப்பலாம். ஸ்கூட்டரில் அது இயலாது. சக்கரத்தைச் சுழற்றினாலும் கட்டைகள் விரியாதிருப்பதால் எஞ்சின் சுழலாது. ஆகவே உதைத்துக் கிளப்பும் கிக்கர் உள்ளதா என்பதை வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். புதிய மாதிரிகள் சிலவற்றில் அது விடப்பட்டுள்ளது. சரிவில் நிறுத்தும்போது கியர் பைக்கை முதல் கியரில் போட்டு விட்டுவிடலாம். ஸ்கூட்டரில் பின்பிரேக்கைப் பூட்டும் கொக்கியைத்தான் நம்ப வேண்டும். பெரிய தானியங்கி பைக்குகளுக்கும் இது பொருந்தும் என்பதால், அவற்றுக்குத் தனியாக நிறுத்துப் பிரேக் பொருத்தப்படுவதைக் காணலாம்.

பெரிய பைக்குகளில் தானியங்கி முறை

பெரிய எஞ்சின்களுக்குத் தானியங்கி முறையைப் பொருத்தும் முயற்சி புதிதன்று. இத்தாலியின் மோட்டோ குஸி 1975-இலும் ஹோண்டா 1976-இலும் கார்களில் உள்ளது போன்ற திரவ இணைப்பைப் பைக்கில் கொணர்ந்தன. இரண்டே வேக விகிதங்கள் கொண்ட அவை மந்தமானவை என்று கருதப்பட்டு நிலைக்கவில்லை. திருப்பம் நேர்ந்தது ஹோண்டாவின் வி.எஃப்.ஆர். 1200 எஃப் பைக்கில் 2010-இல் இரட்டைக் கிளட்ச் அமைப்பு வந்தபோது. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச் எனப் பிரித்து, அடுத்த கியரை முன்பே ஆயத்தமாக வைத்து, ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பதால் இதில் இழுவை அறுபடுவதில்லை. டி.சி.டி. எனப்படும் இவ்வமைப்பில் உண்மையான கியர்களே உள்ளன என்பதே முக்கியம்: இறக்கத்தில் எஞ்சின் தடுப்பு கிடைக்கும், விரும்பினால் பொத்தானை அழுத்தி ஓட்டுநரே கியரைக் குறைத்துக்கொள்ளலாம். 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஆஃப்ரிக்கா ட்வின் இவ்வமைப்போடு மட்டுமே விற்கப்பட்டது. ஏறத்தாழ 10 கிலோ கூடுதல் எடையும் கணிசமான கூடுதல் விலையும் இதற்கான ஈடு. நடைவேகத்தில் கிளட்சைக் கையால் தளர்த்த முடியாத குறை இதிலும் உண்டு; மணலிலும் சேற்றிலும் ஓட்டுபவர்க்கு அதைப் பழகக் காலம் பிடிக்கும்.

அண்மைய ஆண்டுகளில் இதைவிட எளிய வழிகள் வந்துள்ளன. யமஹா 2024-இல் அறிமுகப்படுத்திய ஒய்-ஏ.எம்.டி., வழக்கமான கியர்பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு கிளட்சையும் கியரையும் சிறு மின்மோட்டார்களால் இயக்குகிறது. கிளட்ச் பிடியும் கால் நெம்புகோலும் நீங்கி, இடக்கையருகே பொத்தான்கள் வந்துள்ளன. ஹோண்டாவின் ஈ-கிளட்ச் கியர் மாற்றுவதைக் காலுக்கே விட்டு, கிளட்சை மட்டும் தான் ஏற்கிறது. கைப்பிடி நீக்கப்படாமல் இருப்பதால் வேண்டும்போது ஓட்டுநர் அதைப் பிடித்து வழக்கமான முறையில் ஓட்டலாம். கியர் மாற்றுவதில் மகிழ்ச்சி காண்பவர், ஆனால் நெரிசலில் கை சோர்பவர் என்னும் பெருந்தொகையினருக்கு இந்த இரண்டாவது வழியே மிகப் பொருந்தும். நடுத்தர விலைப் பைக்குகளுக்கு இது வருமானால், சூப்பர் கப் வகை இந்தியாவில் பெறாத இடத்தை இது பெறக்கூடும்.

மின்சார வண்டிகள்

மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையைத் தருவதால் அதற்குக் கிளட்சும் பல கியர்களும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆகவே இங்கே பெல்ட் உராய்வின் வழுக்கலும், கிளட்ச் பிடிப்பதில் உதறலும் இல்லை. நடைவேகத்தில் ஊர்வதில் மின்சார வண்டி மற்றெல்லாத் தானியங்கிகளையும் விஞ்சுகிறது. ஆக்சிலரேட்டரை மூடும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பேட்டரிக்கு மின்னூட்டம் தந்தபடியே வண்டியைத் தணிக்கும் மீளாக்கத் தடுப்பும் பல மாதிரிகளில் உண்டு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது: பேட்டரி முழுவதும் நிரம்பியிருக்கையில் புதிய மின்னூட்டத்துக்கு இடமில்லாததால் அந்தத் தடுப்பு குறையும் அல்லது கிடைக்காது. உதகையிலோ ஏற்காட்டிலோ இரவு தங்கி, முழுதும் மின்னேற்றி, காலையில் இறங்கத் தொடங்குபவர் இதை அறிந்து, மின்னேற்றத்தைச் சற்று முன்னரே நிறுத்திக்கொள்வது நல்லது.

உரிமமும் வயதும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988, கியர் இல்லாத மோட்டார் சைக்கிளுக்கும் கியர் உள்ளதற்கும் தனித்தனி உரிம வகைகளை வைத்திருக்கிறது. கியர் இல்லாததற்கு மட்டும் உரிமம் பெற்றவர் வீட்டிலுள்ள கியர் பைக்கை ஓட்டக் கூடாது. பதினாறு வயதில் ஓட்டலாம் என்னும் சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினுக்கு மட்டுமே உரியது. இன்று விற்கப்படும் 110, 125 சி.சி. ஸ்கூட்டர்கள் கியர் இல்லாதவை என்பதால் அச்சலுகைக்குள் வந்துவிடுவதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். பள்ளிக்கும் தனிப்பயிற்சிக்கும் பிள்ளைகளிடம் ஸ்கூட்டரைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் இதை அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

பழைய வண்டியைச் சோதித்தல்

பயன்படுத்திய தானியங்கி ஸ்கூட்டரை வாங்குபவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும் வேளையில் சென்று பார்க்க வேண்டும். மையத்தாங்கியில் நிறுத்திக் கிளப்பியபின் பின்சக்கரம் மெதுவாகச் சுழல்வது இயல்பே. ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே அது வேகமாகச் சுழன்றால் கிளட்சோ எஞ்சினின் ஓய்வு வேகமோ சரியில்லை. கிளம்பும்போது உதறல், நடு வேகத்தில் எஞ்சின் ஒலி உயர்ந்தும் வேகம் உயராமை, இடப்பக்கப் பெட்டியிலிருந்து கடகடவென்ற ஓசை ஆகிய மூன்றும் முறையே கிளட்ச், பெல்ட், ரோலர் ஆகியவற்றை ஐயுறச் செய்யும் அறிகுறிகள். பின்னால் ஒருவரை அமர்த்தி ஒரு மேம்பாலத்தில் ஏறி, உச்சியில் மெதுவாக்கி, ஆக்சிலரேட்டரை மூடியபடி இறங்கிப் பார்த்தால் இழுவை, கிளட்ச் விடும் இடம், பிரேக்கின் பிடி ஆகியவை ஒருசேரத் தெரிந்துவிடும். ஓடிய தூரம் 20,000 கி.மீ.யைத் தாண்டியிருந்தும் பெல்ட் மாற்றியதற்கான பட்டறை ரசீது இல்லையென்றால், பெல்ட், ரோலர், கிளட்ச் கட்டை ஆகியவற்றின் விலையையும் கூலியையும் உள்ளூர்ப் பட்டறையில் முன்பே விசாரித்துவைத்து, பேசும் விலையிலிருந்து அதைக் கழித்துக் கேட்பதே முறை.